‘பிதா’ என்பது எதன் பெயர்?

கிறிஸ்தவர்கள் மூன்று கடவுள்களை வணங்குகிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்து போவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பயான்களிலும் சிறு பிரசுரங்களிலும் இவ்வரியைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறோம். மதரஸாவில் அகீதா பாடம் நடக்கும்போது ஆண்டுக்கு ஒரு மாணவராவது நம்மிடம் கேட்பதுண்டு: “உஸ்தாத், பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ நண்பரிடம் இப்படிச் சொன்னேன். நாங்களும் ஒரே கடவுளைத்தான் வணங்குகிறோம் என்று அவர் வருத்தப்பட்டார். அப்படியானால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவர் எதற்கு என்று கேட்டேன். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.” அந்த நண்பருக்குத் தெரியாதது பெரிதன்று. நம் மாணவருக்கும் தெரியவில்லையே, அதுதான் நம் கவலை.

நம் நிலைப்பாட்டில் எந்த மயக்கமும் இல்லை. மூன்று எனக் கூறுவதை அந்நிஸா அத்தியாயத்தின் 171ஆம் வசனம் தடுக்கிறது. பெறுவதும் பெறப்படுவதும் அல்லாஹ்வுக்கு இல்லை என அல்இக்லாஸ் அறுதியிடுகிறது. ஆயினும் வேதம் அருளப்பட்டோரிடம் வாதிடுவதானால் அழகிய முறையிலேயே வாதிட வேண்டும் என்று அல்அன்கபூத் 46ஆம் வசனம் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. அழகிய முறை என்பது குரலைத் தாழ்த்திப் பேசுவதோடு முடிந்துவிடாது. ஒருவருடைய கொள்கையை நாம் எடுத்துரைக்கும்போது, “ஆம், நான் சொல்வது இதுவே” என்று அவரே ஒப்புக்கொள்ளும் வகையில் உரைப்பதும் அதில் அடங்கும். நம் முன்னோரில் சிலர் அவ்வாறு செய்தனர், சிலர் செய்யவில்லை. அவ்விரு சாராரையும் அறிய வேண்டுமானால், கிறிஸ்தவ இறையியலாளர் அம்மூவருக்கு இடையிலான உறவை எவ்வாறு விளக்கினர் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கதை இஸ்கந்தரிய்யா எனும் அலெக்சாந்திரியாவில் தொடங்குகிறது. கிபி 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரின் தேவாலயமொன்றில் ஆரியுஸ் என்ற மூப்பர் இருந்தார். குமாரன் என்று ஒருவர் இருந்தால் அவருக்குத் தொடக்கம் இருந்தே தீர வேண்டும்; தொடக்கம் உள்ளவர் பிதாவுக்கு நிகராக மாட்டார் என்று அவர் போதித்தார். அவருடைய ஆயர் அலெக்சாந்தர் அதனை மறுத்தார். பிணக்கு பேரரசெங்கும் பரவவே, மன்னர் கான்ஸ்டன்டைன் 325இல் நிசேயாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்னிக் நகரில், ஆயர்களைக் கூட்டினார். குமாரன் உண்டாக்கப்பட்டவர் அல்லர், பிதாவிடமிருந்து பிறந்தவர், பிதாவின் அதே உள்ளமையை உடையவர் என அச்சபை முடிவு கண்டது.

இவ்விடத்தில் நம்மவர் பிரசுரங்களில் காணும் இரு செய்திகளைத் திருத்த வேண்டியுள்ளது. நான்கு சுவிசேஷங்களும் நிசேயாவில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது முதலாவது. அச்சபை இயற்றிய 20 விதிகளில் அதைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஆரியுஸ் நம்மைப் போன்ற தவ்ஹீத் கொள்கையினர் என்பது மற்றொன்று. அவர் ஈஸா (அலை) அவர்களை மனிதத் தூதராக மட்டும் கொள்ளவில்லை. உலகம் தோன்றும் முன்பே படைக்கப்பட்டு, உலகம் படைக்கப்படக் கருவியாக விளங்கிய ஒரு மேலான படைப்பு என்றே கருதினார். எதிரிக்கு எதிரி நண்பர் என்ற கணக்கில் அவரை நம் பக்கம் சேர்த்துக்கொள்வது வரலாற்றுக்குச் செய்யும் நீதியன்று.

நிசேயாவோடு பிணக்கு ஓயவில்லை. சபை முடிவைக் காத்து நின்ற அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அடுத்த தலைமுறையில் யூனோமியுஸ் என்னும் ஆயர் வந்தார். தர்க்கத்தில் வல்லவர். அவர் தரப்பு விடுத்த கேள்வி இது: ‘பிதா’ என்ற பெயர் எதைக் குறிக்கிறது? இறைவனின் உள்ளமையைக் குறிக்கிறது என்றால், பிதா அல்லாத குமாரன் அந்த உள்ளமை இல்லாதவர் ஆகிறார். இறைவனின் ஒரு செயலைக் குறிக்கிறது என்றால், குமாரன் அச்செயலால் விளைந்தவர், ஆகவே படைப்பு ஆகிறார். எப்பக்கம் திரும்பினாலும் குமாரன் இறைவன் ஆக முடியாது.

இதற்குப் பதில் சொன்னவர் நசியான்சு கிரகோரி. 380ஆம் ஆண்டளவில் கான்ஸ்டான்டிநோபிளின் பெரிய ஆலயங்கள் யாவும் எதிர்த்தரப்பினர் கையில் இருந்தன. ஆகவே ஒரு வீட்டையே தொழுகைக்கூடமாக்கி, அதற்கு அனஸ்தாசியா எனப் பெயரிட்டு, அதிலிருந்து அவர் உரையாற்றினார். அந்நாளில் அந்நகரம் இருந்த நிலையை அவருடைய நண்பரான நிஸ்ஸா கிரகோரி எழுதி வைத்திருக்கிறார்: நாணயம் மாற்றப் போனால் மாற்றுபவர் பிறந்தவரையும் பிறவாதவரையும் பற்றித் தர்க்கம் செய்கிறாராம், ரொட்டி விலை கேட்டால் பிதா பெரியவர், குமாரன் தாழ்ந்தவர் என்று விடை வருகிறதாம். நம்மூரில் பிறை பார்த்த இரவுகளில் தேநீர்க் கடைகள் எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

நசியான்சு கிரகோரி தந்த விடை சுருக்கமானது. ‘பிதா’ என்பது உள்ளமையின் பெயரன்று, செயலின் பெயருமன்று. அது உறவின் பெயர். குமாரனோடு அவர் எவ்வாறு நிற்கிறார் என்பதை மட்டுமே அச்சொல் காட்டுகிறது. திரித்துவக் கொள்கையின் அச்சாணி இந்த ஒரு சொல்தான் என்பது நம் கருத்து. இதற்குப் பின் வந்த ஆயிரம் ஆண்டு விளக்கங்கள் யாவும் இதைச் சுற்றியே சுழன்றன.

சற்று நின்று இதைப் புரிந்துகொள்வோம். ஒருவர் தம் மகனுக்கு வாப்பா. தம் அக்காவுக்குத் தம்பி. அக்கா மகனுக்கு மாமா. இப்பெயர்கள் எவையும் அவர் உயரமா குட்டையா, அறிவுள்ளவரா இல்லாதவரா என்று சொல்வதில்லை. யாரை நோக்கி அவர் நிற்கிறார் என்பதையே சொல்கின்றன. வாப்பா என்ற சொல்லுக்குப் பிள்ளை இல்லாமல் பொருளே இல்லை. அதுபோலவே பிதா என்ற சொல்லும் குமாரனும் ஒன்றையொன்று சுட்டுவன. ஒன்று என்றென்றும் உண்டு என்றால் மற்றதும் என்றென்றும் உண்டு. ஆகவே குமாரன் இல்லாத காலம் ஒன்று இருந்ததில்லை என்பது கிரகோரியின் வாதம்.

ஆனால் இந்த எடுத்துக்காட்டை ஓர் எல்லைக்கு மேல் இழுத்துச் செல்லக் கூடாது. ஒரே மனிதருக்கு மூன்று உறவுப் பெயர்கள் இருப்பதைப் போலவே ஒரே இறைவனுக்குப் பிதா, குமாரன், ஆவி என மூன்று பெயர்கள் என்று சொன்னால், அது திரித்துவமாகாது. 3ஆம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் என்பவரின் பெயரால் அறியப்பட்ட இக்கொள்கையைத் திருச்சபையே வழிகேடு எனத் தள்ளிவிட்டது. தண்ணீரே பனிக்கட்டியாகவும் ஆவியாகவும் ஆகிறதல்லவா என்று கிறிஸ்தவ அன்பர்கள் சிலர் நம்மிடம் விளக்குவதுண்டு. அவர்கள் வேதசாத்திரப் பள்ளியில் அவ்வாறு எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. ஒருவர் மூன்று வேடம் பூணுகிறார் என்பது அவர்கள் கொள்கையன்று. பிதா குமாரன் அல்லர். குமாரன் ஆவி அல்லர். ஆயினும் உள்ளமை ஒன்றே என்பதுதான் அது.

அப்படியானால் பேதுருவும் யாக்கோபும் யோவானும் மனிதத் தன்மையில் ஒன்று, ஆனால் மூன்று மனிதர். அதுபோல் இவர்களும் மூன்று கடவுள்தாமே? இக்கேள்வியை முதலில் கேட்டவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அப்லாபியுஸ் என்ற கிறிஸ்தவரே நிஸ்ஸா கிரகோரியிடம் கேட்டார். கடவுள்கள் மூவர் அல்லர் என்று நிறுவ கிரகோரி தனி நூலே எழுதினார். மூன்று மனிதர் மூன்று தொழில் செய்வர். ஒருவர் உழுவார், ஒருவர் நெய்வார். இறைவனின் செயலோ பிதாவிடம் தொடங்கி, குமாரன் வழியாகச் சென்று, ஆவியில் நிறைவுறும் ஒரே செயல். அதை மூன்றாக எண்ண முடியாது என்பது அவர் விடை. அறிவு, ஆற்றல், நாட்டம், என்றுமுள்ள தன்மை யாவும் மூவருக்கும் பொதுவானவை, அதுவும் எண்ணிக்கையில் ஒன்றானவை. இறைவனுக்கு எத்தனை நாட்டங்கள் என்று கேட்டால் ஒன்று என்பதே அவர்கள் மறுமொழி. நம் மாணவர்களில் பெரும்பாலோர் இதை எதிர்பார்ப்பதில்லை. மூவரையும் வேறுபடுத்துவது ஒன்றே ஒன்று: பிதா எவரிடமிருந்தும் வராதவர், குமாரன் பிதாவிடம் பிறந்தவர், ஆவி பிதாவிடமிருந்து புறப்படுபவர். பிறப்பு என்பதற்கு இங்கே உடலோ காலமோ துணைவியோ கிடையாது. 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சபை ஆவி குறித்த பகுதியையும் சேர்த்துக் கொள்கையை நிறைவு செய்தது.

இலத்தீன் மொழியில் இதே வேலையைச் செய்தவர் அகுஸ்தீன். இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபா நகரில் ஆயராக இருந்தவர்; 430இல் மறைந்தார். திரித்துவம் பற்றிய அவருடைய நூல் 15 பாகங்களைக் கொண்டது. அரிஸ்டாட்டிலின் தர்க்கத்தில் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லப்படுவது ஒன்று அதன் உள்ளமையாக இருக்கும். அல்லது அதன்மேல் வந்து போகும் தன்மையாக, நம் கலாம் நூல்கள் ‘அரள்’ என்பதாக, இருக்கும். மாறாத இறைவனிடம் வந்து போகும் தன்மை எதுவும் இல்லை. எனவே எல்லாமே உள்ளமையா? இல்லை, உறவு என்று மூன்றாவது ஒன்று உண்டு. அது உள்ளமையும் அன்று, என்றும் இருப்பதால் வந்து போவதும் அன்று என்றார் அகுஸ்தீன். ‘மூன்று ஆட்கள்’ என்ற சொல்லைப் பற்றி அவர் கூறியது நம்மைக் கவர்ந்தது: அச்சொல் விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறது என்பதற்காக அதைக் கையாளவில்லை, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடக் கூடாதே என்பதற்காகக் கையாளுகிறோம் என்கிறார். தம் சொல்லின் எல்லையை அறிந்தவர் பேச்சு அது.

உறவு மட்டுமே வேறுபடுத்துகிறது என்று ஒப்புக்கொண்டதும் ஒரு சிக்கல் முளைத்தது. குமாரனும் ஆவியும் பிதா ஒருவரிடமிருந்தே வருகின்றனர் என்றால் அவ்விருவரையும் வேறுபடுத்தும் உறவு எது? ஆவி குமாரனிடமிருந்தும் புறப்படுகிறார் என்றனர் மேற்கத்தியர். பிறத்தல் வேறு, புறப்படுதல் வேறு. எப்படி வேறு என்று கேட்காதீர்கள் என்றனர் கிரேக்கர். ஸ்பெயினின் டொலேடோ சபையோடு, 589ஆம் ஆண்டோடு, இணைத்துப் பேசப்படும் அந்தச் சேர்க்கை 1014இல் ரோமாபுரியின் வழிபாட்டிலேயே இடம் பெற்றது. 1054இல் கிழக்கும் மேற்கும் ஒன்றையொன்று விலக்கியபோது இப்பிணக்கும் காரணங்களுள் ஒன்று. பின்னர் 1274இல் மறைந்த தாமஸ் அக்வினாஸ் விளக்கத்தை அதன் உச்சிக்குக் கொண்டு சென்றார். மனிதரிடம் தந்தைமை என்பது அவர்மேல் வந்து சேர்வது. அவர் முன்பே இருக்கிறார், பின்பு தந்தையாகிறார். இறைவனிடமோ அந்த உறவே நிலைபெற்று நிற்கும் ஆள் என்றார் அவர். ஓர் உறவுக்கு எதிர் உறவு நிற்கும் இடம் தவிர மற்ற யாவும் இறைவனில் ஒன்றே என்பது 1442இல் புளோரன்ஸ் சபை அறிவித்த வாய்பாடு.

இனி நம் பக்கம் வருவோம். உமய்யாக்களின் திமிஷ்கில், அரசு அலுவலில் இருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த யோவான் என்பவர் துறவு பூண்டு, பைத்துல் முகத்தஸுக்கு அருகிலுள்ள மார் சாபா மடத்தோடு தொடர்புடையவராக வாழ்ந்து கிரேக்கத்தில் எழுதினார். எங்களை நீங்கள் இணைவைப்போர் என்கிறீர்கள். இறைவனிடமிருந்து அவன் சொல்லையும் ஆவியையும் வெட்டிப் பிரிக்கும் நீங்கள் சிதைப்போர் அல்லரோ என்று அவர் நம்மை நோக்கிக் கேட்டார். ஈஸா (அலை) அவர்களை அல்லாஹ்வின் சொல் என்றும் அவனிடமிருந்து வந்த ரூஹ் என்றும் நம் வேதம் குறிப்பிடுவதை அவர் அறிந்தே கேட்டார். அவருக்குப் பின் சிரியா, இராக் கிறிஸ்தவர்கள் அரபியிலேயே எழுதத் தொடங்கினர். உள்ளமைக்கு ‘ஜவ்ஹர்’ என்றும், ஆளுக்குச் சுரியானி மொழியிலிருந்து வந்த ‘உக்னூம்’ என்றும் சொற்களை அமைத்தனர். ஜவ்ஹர் ஒன்று, அகானீம் மூன்று. அந்தியோக்கியாவிலும் கான்ஸ்டான்டிநோபிளிலும் கிரேக்கத்தில் நடந்த தர்க்கம் இப்படித்தான் பக்தாதின் அரபிக்கு வந்து சேர்ந்தது.

கலீஃபா அல்மஹ்தி (ஹிஜ்ரி 158–169) அவர்களின் அவையில், கிபி 782ஐ ஒட்டி, கிழக்குத் திருச்சபையின் தலைவர் திமோத்தேயு இரண்டு நாள் உரையாடினார். கலீஃபாவின் வேண்டுகோளுக்கு இணங்க அரிஸ்டாட்டிலின் தர்க்க நூலொன்றை மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தவரும் இவரே, ஒருவரையொருவர் மதித்தவர்கள். அவ்வுரையாடலைத் திமோத்தேயு சுரியானியில் ஒரு மடலாக எழுதி வைத்தார். எழுதியவர் ஒரு தரப்பினர் என்பதை மனத்தில் இருத்தியே நாம் அதைப் படிக்க வேண்டும். கலீஃபாவின் முதல் வினா, உங்களைப் போன்ற அறிஞர் இறைவன் ஒரு பெண்ணை மணந்து மகனைப் பெற்றான் என்று சொல்வது தகுமா என்பது. திமோத்தேயு அதிர்ந்து போனாராம்: மன்னரே, இவ்வளவு பெரிய இறைநிந்தனையைச் சொன்னவர் யார்? சூரியனிலிருந்து ஒளியும் வெப்பமும் பிரியாமல் வருவது போல, உள்ளத்திலிருந்து சொல் பிறப்பது போல என்று அவர் விளக்கம் தந்தார்.

துணைவி இல்லாத நிலையில் அவனுக்கு எவ்வாறு மகன் இருக்க முடியும் என்ற அல்அன்ஆம் 101ஆம் வசனத்தின் வினாவைத்தான் கலீஃபா முன்வைத்தார் என்பது தெளிவு. அவ்வசனம் அல்லாஹ்வுக்கு ஆண்மக்களையும் பெண்மக்களையும் கற்பித்தவர்களுக்கு எதிராக எழுந்து நிற்கிறது. அதன் முன் வசனமே அதைச் சொல்கிறது. அவ்வினா எழுந்த இடத்தில் அது வெல்ல முடியாதது. ஆனால் பிறப்பு என்பதை உடலின்றி, காலமின்றி, துணையின்றி உறவாக மட்டும் பேசக் கற்றிருந்த ஒரு கிரேக்க, சுரியானி மரபின் முன்னால் அவ்வினாவோடு மட்டும் நின்றால், எதிரிலிருப்பவர் “நாங்கள் அதைச் சொல்லவில்லையே” என்று சிரமமின்றி எழுந்து போய்விடுவார். திமோத்தேயு அதைத்தான் செய்தார்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் பஸராவின் கிறிஸ்தவ அறிஞர் அம்மார் அல்பஸ்ரி போன்றோர். இறைவன் உயிருள்ளவன் என்கிறீர்கள், பேசுபவன் என்கிறீர்கள். அவனுக்கு உயிரும் பேச்சும் உண்டு என்று ஒப்புக்கொண்டால் நாங்கள் ஆவி என்றும் குமாரன் என்றும் அழைப்பவற்றை ஒப்புக்கொண்டதாகிறது என்றனர். இப்போது பிரச்சினை நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஏனெனில் சிஃபத்துகள், அதாவது இறைவனின் பண்புகள், அவனோடு என்றும் உள்ளவையா என்பது முஃதஸிலாக்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே எரிந்துகொண்டிருந்த கேள்வி. ஹிஜ்ரி 218இல் கலீஃபா அல்மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டதே என்று உலமாக்களை ஒப்புக்கொள்ளச் செய்யும்படி ஆணை அனுப்பினார். குர்ஆன் படைக்கப்படவில்லை என்போர், ஈஸா இறைவனின் சொல் ஆதலால் படைக்கப்படவில்லை என்னும் கிறிஸ்தவர்களைப் போன்றவர்கள் என்று அந்த மடல்களில் குற்றம் சாட்டினார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) சிறைப்பட்டதும் பின்னர் சவுக்கடி பட்டதும் இந்தச் சோதனையில்தான். ஆகவே இறைப்பண்புக்கும் உக்னூமுக்கும் என்ன வேறுபாடு என்பதை நம் அறிஞர்கள் நேரம் போக்குவதற்காக ஆராயவில்லை. அதன் விலையை அவர்கள் உடலால் கொடுத்திருந்தார்கள்.

அஷ்அரி மரபு கண்ட வாய்பாடு நம் மாணவர்கள் மனப்பாடமாக அறிந்தது: பண்புகள் அவனும் அல்ல, அவனுக்கு வேறானவையும் அல்ல. உண்மையைச் சொன்னால், இவ்வாய்பாட்டை முதன்முதலில் கேட்கும் ஒருவருக்கு அது கிரகோரியின் பேச்சைவிட எளிதாகத் தோன்றப் போவதில்லை. இதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கம் வேண்டாம். வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. அல்லாஹ்வின் அறிவு தானாகத் தனித்து நிற்பதில்லை. அதை எவரும் ‘நீ’ என்று விளிப்பதில்லை. அதனிடம் துஆ கேட்பதில்லை. அறிவு ஆற்றலை அனுப்பியது என்றோ, பேச்சு மனிதராகி மர்யம் (அலை) அவர்களின் மடியில் தவழ்ந்தது என்றோ நாம் கூறுவதில்லை. உக்னூமோ அனுப்புகிறார், அனுப்பப்படுகிறார், வணங்கப்படுகிறார். அம்மார் அல்பஸ்ரி பண்பு என்று தொடங்கி ஆள் என்று முடிக்கும்போது இடையில் ஒரு படி தாண்டப்படுகிறது. நம் அறிஞர்கள் விரல் வைத்தது அந்தப் படியின்மேல்.

ஹிஜ்ரி 403இல் மறைந்த காழி அல்பாகில்லானி அவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி நம் மேடைகளில் புகழ் பெற்றது. பைஸாந்தியப் பேரரசரின் அவைக்குத் தூது சென்ற அவர், அங்கிருந்த தலைமைக் குருவிடம் மனைவி மக்கள் நலமா என்று கேட்டார், அவை திடுக்கிட்டது, குருவுக்கே ஆகாததை இறைவனுக்கு ஏற்றுகிறீர்களே என்று மடக்கினார் என்பர். கேட்போர் மகிழ்வர். ஆனால் அது கலீஃபா அல்மஹ்தியின் வினாவேதான். திமோத்தேயுவின் பதிலே அதற்கும் பதிலாகிவிடும். அதே அல்பாகில்லானி ‘அத்தம்ஹீத்’ நூலில் கேட்பது வேறு தரம். இறைவன் உள்ளவன், உயிருள்ளவன், அறிபவன் என்பதால் அகானீம் மூன்று என்றால், அவன் ஆற்றலுடையவனும் அல்லவா? ஏன் நான்கு ஆகக் கூடாது? ஏன் அதற்கும் மேல் ஆகக் கூடாது? பண்புகளிலிருந்து ஆட்களை வருவிக்கும் வழியை இது அடைத்துவிடுகிறது. நிகழ்ச்சியை ஆயிரம் பேர் அறிவோம். நூலைத் திறந்தவர் சிலரே.

இத்துறையில் நாம் முதலிடம் தருவது அவருக்கும் முந்திய ஒருவருக்கு. ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபூ ஈஸா அல்வர்ராக். அவருடைய சொந்தக் கொள்கை பற்றிப் பலர் ஐயுற்றனர். ஸிந்தீக் என்ற பழியும் அவர்மேல் விழுந்தது. எனவே பாடத்திட்டங்களில் அவர் பெயர் இல்லை. கிறிஸ்தவர்களின் மூன்று பிரிவினரை, மல்கிய்யாக்கள், யஃகூபிய்யாக்கள், நஸ்தூரிய்யாக்கள் மூவரையும், மறுத்து அவர் எழுதிய நூல் எவ்வாறு தொடங்குகிறது தெரியுமா? ஒவ்வொரு பிரிவினரும் என்ன சொல்கிறார்கள், எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்று நிதானமாக எடுத்துரைத்துவிட்டே மறுப்பைத் தொடங்குகிறார்.

அவர் கேள்வியின் சாரம் இது: ஜவ்ஹர் ஒன்று, உக்னூம் மூன்று என்கிறீர்கள். அந்த ஜவ்ஹரும் அகானீமும் ஒன்றேதானா, வேறா? ஒன்றே எனில், வேறுபாடில்லாத ஜவ்ஹர் வேறுபட்ட மூன்றாக எப்படி ஆயிற்று? வேறு எனில், ஜவ்ஹர் ஒன்று, உக்னூம் மூன்று, ஆக நான்கு. நசியான்சு கிரகோரி யூனோமியுஸுக்குச் சொன்ன ‘உறவு’ என்ற விடை இங்கே போதுமா என்று எண்ணிப் பார்க்கலாம். அல்வர்ராக் அந்த உறவையே உருட்டிப் பார்க்கிறவர். உறவு எதன்மேல் நிற்கிறது என்பதே அவர் கேட்பது.

மேற்கில் இதே கேள்வியைச் சந்தித்த அக்வினாஸ், அரிஸ்டாட்டில் கையாண்ட விளக்கத்தைத் துணைக்கு அழைத்தார். செய்தலும் செய்யப்படுதலும் ஒரே அசைவே. ஆயினும் செய்தல் செய்யப்படுதல் ஆகாது. அரிஸ்டாட்டிலே தரும் எடுத்துக்காட்டு கற்பித்தலும் கற்றலும். நாம் கற்பிக்கும் தொழிலில் இருப்பதால் இதைச் சற்று நெருங்கிப் பார்க்க முடிகிறது. உண்மைதான், வகுப்பில் நடப்பது ஒன்றே, அதற்குப் பெயர் இரண்டு. ஆனால் நம் மாணவர் நம் பாடத்தால் உண்டாகவில்லை. அவர் காலையில் எழுந்து, ஃபஜ்ரு தொழுது, இட்லி தின்று, பிறகுதான் வகுப்புக்கு வருகிறார். உறவுக்கு முன்பே இருவர் வேண்டியிருக்கிறது. உறவே ஆளாகி நிற்கும் ஒன்றுக்குப் படைப்பில் உவமை இல்லை என்று அக்வினாஸும் ஒப்புவார். இறைவன் தன்னை அவ்வாறு வெளிப்படுத்தினான் என்பதே அவர் ஆதாரம். அங்கே தர்க்கம் நின்று, எந்த வெளிப்பாடு என்ற கேள்வி தொடங்குகிறது. அதில் நம் விடை அல்இக்லாஸ்.

அல்வர்ராக்கின் மூல நூல் தனியாக நமக்குக் கிடைக்கவில்லை. அது பிழைத்திருப்பது ஒரு கிறிஸ்தவரின் கையால். தத்துவ அறிஞர் அல்ஃபாராபியின் மாணவரும் யஃகூபிய்யாப் பிரிவைச் சேர்ந்தவருமான யஹ்யா இப்னு அதீ, கிபி 974இல் மறைந்தவர், அதற்கு மறுப்பு எழுதினார். பிதாவை அறிவு என்றும் குமாரனை அறிபவர் என்றும் ஆவியை அறியப்படுபவர் என்றும் விளக்க முயன்றவர் அவர். அறியும் ஒருவன் தன்னையே அறியும்போது இம்மூன்றும் ஒரே பொருள் அல்லவா என்பது அவர் வாதம். அந்த மறுப்பில் அவர் அல்வர்ராக்கைச் சுருக்கவில்லை, திரிக்கவில்லை. அவர் கூற்றைப் பகுதி பகுதியாக முழுமையாக எடுத்து எழுதி, அதன் கீழ் தம் பதிலை எழுதினார். தத்துவ ஞானி அல்கிந்தி திரித்துவத்தை மறுத்து எழுதிய சிறு நூலும் இதே வழியில், இதே யஹ்யாவின் மறுப்புக்குள்ளேதான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

வர்ராக் என்றால் ஏடு எழுதி விற்பவர். யஹ்யாவின் பிழைப்பும் அதுவே. அவர் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டே இருப்பதைப் பற்றிக் கடிந்துகொண்டபோது அவர் சொன்ன பதிலை இப்னுந் நதீம் தம் ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் பதிந்திருக்கிறார். தாம் ஒரு பகலும் இரவுமாக நூறு ஏடுகள் வரை எழுதுவதாகவும், கலாம் அறிஞர்களின் நூல்களைக் கணக்கில்லாமல் படியெடுத்திருப்பதாகவும், இமாம் தபரி (ரஹ்) அவர்களின் தஃப்ஸீரை மட்டும் இரண்டு முறை தம் கையால் எழுதி முடித்ததாகவும் அவர் கூறினாராம்.